கடை அலமாரியில் ஐந்து சாக்லேட்: எதை எடுப்பது?

போன மாதம் சித்தி போன் செய்து, "நல்ல சாக்லேட் எதுன்னு சொல்லு, வாங்கி வைக்கணும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ள அவருக்கு. ஏழு வயதுப் பேரனுக்குக் கொஞ்சம். அந்தப் பேரனின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்யவும் வேண்டும். கேள்வி ஒன்று, தேவை மூன்று. சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு முன்னால் நின்றபடிதான் பேசினார். எல்லா உறையும் பளபளவென்று இருக்கிறது, விலை மட்டும் பத்து ரூபாயிலிருந்து நானூறு ரூபாய் வரை போகிறது என்று குழம்பிப்போயிருந்தார்.

அந்த அலமாரியில் இருப்பதை ஐந்தாகப் பிரிக்கலாம். கொக்கோ தூள், டார்க் சாக்லேட், மில்க் சாக்லேட், வெள்ளை சாக்லேட், பிறகு சாக்லேட் போலவே இருக்கும் காம்பவுண்ட். இவை எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ ஒருவருக்கு ஒரு சிக்கல் இருந்தது, அதைத் தீர்க்கப்போய்த்தான் அந்த வகை பிறந்தது. எது எந்தச் சிக்கலுக்குப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு, நம் வீட்டுத் தேவை எதை ஒத்திருக்கிறது என்று பார்த்தால் தேர்வு சுலபமாகிவிடும். நான் பல வருஷமாக அப்படித்தான் வாங்குகிறேன்.

முதலில் மரம்

கொக்கோ மரத்தை நான் முதலில் பார்த்தது ஆனைமலைப் பக்கம், ஒரு தென்னந்தோப்பில். தென்னைகளுக்கு நடுவே, நிழலில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கவாத்து செய்து நிறுத்தியிருந்தார்கள். பலா மாதிரி அடிமரத்திலேயே காய் தொங்கியது. தோட்டக்காரர் காயைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் காம்பை நறுக்கி எடுத்தார். இழுத்தால் பட்டை பிய்ந்துவிடும், அடுத்த வருஷம் அதே இடத்தில்தான் பூக்க வேண்டும் என்றார். ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய முப்பது நாற்பது விதைகள். சதையைச் சப்பினால் மங்குஸ்தான் போல இனிப்பும் புளிப்பும். ஆசையாக விதையைக் கடித்தேன். பச்சைப் பாக்கைக் கடித்தது போல ஒரே துவர்ப்பு, கூடவே கசப்பு. சாக்லேட் வாசனை என்று துளிகூட இல்லை.

அந்த வாசனை பிறகுதான் வருகிறது. விதைகளைச் சதையோடு மரப்பெட்டியில் குவித்து, வாழை இலையோ சாக்கோ போட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். இடையிடையே கிளறிக் கொடுக்கிறார்கள். குவியலுக்குள் சூடு 45, 50 டிகிரி வரை ஏறும். பக்கத்தில் போனால் காடி வாசனை மூக்கைத் துளைக்கும். அப்புறம் ஒரு வாரம் வெயிலில் காய வைக்கிறார்கள். இந்த இரண்டு வேலையும் ஒழுங்காக நடக்காத விதையை எவ்வளவு உயர்ந்த மெஷினில் போட்டாலும் நல்ல சாக்லேட் ஆகாது. தொழிற்சாலையில் வறுக்கும்போது எழும் மணத்துக்கு அஸ்திவாரம் தோட்டத்திலேயே போட்டாகிவிட்டது. விலை அதிகமான பார்களின் உறையில் தோட்டத்தின் பெயர் ஏன் அச்சிடப்படுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவுக்கு இந்த மரம் வந்தது 1798இல். கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து நட்ட இடம் நம் குற்றாலம். ஆனால் அது பெரிய பயிராகப் பரவவில்லை. 1960களின் நடுவில் கேட்பரி கம்பெனி கேரளத்தில் முயற்சி எடுத்த பிறகுதான் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராக வேரூன்றியது. இன்று ஆந்திரம் முதலிடத்தில் இருக்கிறது, கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று நான்கு தென் மாநிலங்களிலும் விளைகிறது.

குடிப்பதற்கு என்றால்: கொக்கோ தூள்

சாக்லேட்டின் வயதில் பெரும்பகுதி அது குடிக்கும் பொருளாகத்தான் இருந்தது. ஈக்வடாரின் தென்கிழக்கே, அமேசான் காட்டை ஒட்டிய சாந்தா ஆனா லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் கிடைத்த பாத்திரங்களில் ஏறத்தாழ 5,300 வருஷத்துக்கு முந்தைய கொக்கோத் தடயம் இருக்கிறது. அப்புறம் அது வடக்கே மத்திய அமெரிக்காவுக்குப் போனது. மாயா மக்கள் வறுத்து அரைத்த விதையைத் தண்ணீரில் கரைத்து, மிளகாயும் வெனிலாவும் சேர்த்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தூக்கி ஊற்றினார்கள். நம் டீக்கடையில் ஆற்றுகிறார்களே, அதே கைவேலை. நுரைதான் அவர்களுக்கு முக்கியம். ஒரு பெண் நின்றபடி அப்படி ஊற்றும் காட்சி பழைய மாயா ஜாடி ஒன்றில் ஓவியமாகவே இருக்கிறது.

விதை காசாகவும் புழங்கியது. மெக்சிகோவின் த்லாஸ்கலாவில் 1545இல் எழுதப்பட்ட விலைப்பட்டியலில், ஒரு நல்ல பெட்டை வான்கோழிக்கு 100 கொக்கோ விதை, ஒரு தமாலே கொழுக்கட்டைக்கு ஒரு விதை. சில்லறையை அரைத்துக் குடிப்பது என்றால் யாரால் முடியும்? பெரும்பாலும் பிரபுக்களும் போர்வீரர்களும் வணிகர்களும்தான் குடித்தார்கள். சர்க்கரை சேர்த்தது ஸ்பானியர்கள் வந்த பிறகு. 1585இல் வெராகுருஸிலிருந்து செவில் நகரத்துக்குச் சரக்காகவே போனது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்க.

சரி, இதில் என்ன சிக்கல்? கொழுப்பு. கொக்கோப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. கரைத்தால் மேலே எண்ணெயாக மிதக்கும், குடித்தால் திகட்டும். ஆம்ஸ்டர்டாமில் வான் ஹௌட்டன் குடும்பம் 1828இல் ஓர் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. செக்கில் எண்ணெயைப் பிழிவதுபோல அது கொழுப்பைப் பிழிந்து எடுத்துவிட, மிஞ்சிய புண்ணாக்கைப் பொடித்தார்கள். அதுதான் கொக்கோ தூள். அதில் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா மாதிரியானது) சேர்த்துப் புளிப்பைக் குறைக்கும் முறையையும் அந்தக் குடும்பமே கொண்டுவந்தது. இதனால்தான் அப்படிச் செய்த தூளை இன்றும் டச்சு கொக்கோ என்கிறார்கள்.

கடையில் இந்த இரண்டும் கிடைக்கும். இளம் செம்பழுப்பாக, லேசான புளிப்போடு இருப்பது இயற்கைக் கொக்கோ. கருத்து, சாந்தமான சுவையோடு இருப்பது டச்சு கொக்கோ. பாலில் கலந்து குடிக்க எனக்கு டச்சுதான் பிடிக்கும். கேக் செய்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். செய்முறையில் சமையல் சோடா மட்டுமே இருந்து, தயிர், வினிகர் போன்ற வேறு புளிப்பு எதுவும் இல்லை என்றால் இயற்கைக் கொக்கோவைப் போடுங்கள். அதன் புளிப்போடு சேர்ந்தால்தான் சோடா வேலை செய்யும். பேக்கிங் பவுடர் போடும் செய்முறைக்கு டச்சு சரிப்படும். சித்தி போன வருஷம் செய்த கேக் உப்பாமல் அடியில் களியாக நின்றதற்கு இந்தக் குழப்பம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிரிங்கிங் சாக்லேட் என்று விற்கும் டப்பாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னால் திருப்பிப் பாருங்கள், பொருள்களின் பட்டியலில் முதலில் சர்க்கரைதான் நிற்கும். பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் உள்ளே அதிகம். கொக்கோ தூள் என்றால் கொக்கோ ஒன்றுதான் இருக்க வேண்டும், டச்சு என்றால் காரம் சேர்த்த குறிப்பும் இருக்கும். இரண்டு டீஸ்பூன் தூளோடு நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்து, கொஞ்சம் வெந்நீரில் முதலில் குழைத்துவிட்டு, பிறகு சூடான பாலை ஊற்றி இரண்டு தரம் ஆற்றினால் கட்டி தட்டாது. போடும் காசுக்குச் சாக்லேட் சுவை அதிகம் கிடைப்பது இந்த வழியில்தான்.

சுவைப்பதற்கு என்றால்: டார்க்

கொழுப்பைப் பிழிந்தாகிவிட்டது, அந்தக் கொழுப்பை என்ன செய்வது? கொக்கோ வெண்ணெய் என்ற அந்த மஞ்சள் கொழுப்பை, அரைத்த கொக்கோவிலும் சர்க்கரையிலும் திரும்பச் சேர்த்து அச்சில் வார்த்தால் கடித்துத் தின்னலாம் என்று 1847இல் காட்டியது பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி. மிச்சப்பட்ட பொருளுக்கு வழி தேடியதில் பிறந்ததுதான் சாக்லேட் பார். ஆனால் நாக்கில் நறநறவென்று இருந்தது. 1879இல் பெர்ன் நகரத்தில் ரொடால்ஃப் லிண்ட் மணிக்கணக்காக, நாள்கணக்காகத் தேய்த்துக் குழைக்கும் ஒரு கல் தொட்டியைச் செய்தார். மெஷினை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பி வந்து பார்த்தால் பட்டுப்போல ஆகியிருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

இங்கே நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கடந்த இருபது வருஷத்தில் உலகெங்கும் சின்னச் சின்னச் சாக்லேட் பட்டறைகள் முளைத்தன. விதையை வாங்கி, தாங்களே வறுத்து, தாங்களே அரைத்து, பார் வரை கொண்டுவருகிறவர்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள ஐரோப்பிய மெஷின் அவர்களுக்குக் கட்டாது. அவர்கள் கண்டுபிடித்தது நம் இட்லி மாவு கிரைண்டரை. கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டரின் கல்லையும் மோட்டாரையும் கொஞ்சம் மாற்றி, சூடு தாங்கும்படி செய்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓட்டுகிறார்கள்.

பொள்ளாச்சியில் ஒரு நண்பர் வீட்டில் அது ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வறுத்து, புடைத்துத் தோல் நீக்கி, உடைத்த பருப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். முதலில் புட்டு மாவு போல உதிரியாகச் சுற்றியது, கல் தடதடத்தது. பத்து நிமிஷத்தில் எள்ளு அரைபடும்போது எண்ணெய் கக்குமே, அப்படி ஓரத்தில் மினுமினுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றவும் கூடாது. தண்ணீர் பட்டால் மொத்தமும் இறுகிக் கட்டியாகிவிடும். ஒரு மணி நேரம் போனதும் கருப்பு மாவாக வழிந்து விழுந்தது. அப்போதுதான் சர்க்கரை. மொத்தம் இரண்டு நாள். முதல் நாள் சாயங்காலம் விரலில் தொட்டு நக்கினேன். காடிப் புளிப்பு முன்னால் நின்றது, மணல் போல ஒரு நெருடல். மறுநாள் இரவு அதே மாவில் புளிப்பு பின்னால் ஒதுங்கி, உலர்திராட்சை வாசனை வந்திருந்தது. கல்லின் உரசலும் சூடும் காற்றும் புளிப்பை ஓட்டிவிடுகின்றன. வீடு முழுக்க அந்த மணம். இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் கதவைச் சாத்தவில்லை.

இனி வாங்குவது. 70 சதவீதம் என்று உறையில் போட்டிருந்தால், அரைத்த கொக்கோவும் கூடுதலாகச் சேர்த்த கொக்கோ வெண்ணெயும் சேர்ந்து 70 என்று பொருள். மிச்சம் 30 பெரும்பாலும் சர்க்கரை. எனவே இரண்டு கம்பெனியின் 70கள் ஒரே கசப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றில் வெண்ணெய் அதிகம் இருந்தால் வழவழப்பாக, மிருதுவாக இருக்கும். சதவீதம் ஏற ஏறத் தரம் ஏறும் என்று நினைத்து நேரே 90க்குப் போகிறவர்கள் பலர் அதோடு டார்க்கையே வெறுத்துவிடுகிறார்கள். 55இலோ 60இலோ ஆரம்பியுங்கள். என் கை நிற்பது 65க்கும் 72க்கும் நடுவில்தான்.

வாங்கிய பாரை எப்படிப் பார்ப்பது? உடைக்கும்போது டக் என்று சத்தம் கேட்க வேண்டும், உடைந்த இடம் நேராக இருக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது விதத்தில் உறைந்தால்தான் பளபளப்பும் அந்தச் சத்தமும், ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும் குணமும் வரும். உடம்புச் சூடு 37. கையில் கொஞ்ச நேரம் தாங்கும் பொருள் வாயில் போட்டதும் கரைவது இந்த மூன்று டிகிரி வித்தியாசத்தால்தான். மெல்லாதீர்கள். நாக்கின் மேல் வைத்து, மேலண்ணத்தில் அழுத்தி, அப்படியே விடுங்கள். முதலில் கசப்பு, அப்புறம் புளிப்பு, பிறகு பழமோ பருப்போ கருப்பட்டியோ ஏதோ ஒரு வாசனை மூக்கு வழியாக எழும். மேற்கு ஆப்பிரிக்க விதையில் செய்த பார்களில் பெரும்பாலும் நாம் பழகிய அந்த அழுத்தமான சாக்லேட் சுவை. மடகாஸ்கர் என்றால் பழப்புளிப்பு. இந்திய விதைகளிலும் புளிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், அது எனக்குப் பிடித்த குணம். பொள்ளாச்சியின் சோக்லெட், ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, மைசூரின் நவிலுனா, கொச்சியின் பால் அண்ட் மைக், ஹைதராபாத்தின் மனம் என்று இந்திய விதையிலேயே செய்கிறவர்கள் இப்போது பலர். சாதாரண பாரைப்போல இரண்டு மூன்று மடங்கு விலைதான், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு துண்டுக்கு மேல் தோன்றாது.

உடம்புக்கு நல்லது என்று மட்டும் இதை வாங்காதீர்கள். கொக்கோவிலுள்ள ஃப்ளாவனால் என்ற பொருள் இரத்தக் குழாய்க்கு நல்லது என்ற ஆராய்ச்சி உண்டு. ஆனால் 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய அமெரிக்க ஆய்வில் கொடுத்தது கொக்கோச் சாறு அடைத்த மாத்திரை, சாக்லேட் அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் பார்களைச் சோதித்தது. அவற்றில் 23இல், தினம் 28 கிராம் சாப்பிட்டால் அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்ட எல்லையைத் தாண்டும் அளவு ஈயமோ காட்மியமோ இருந்தது. காட்மியத்தை மண்ணிலிருந்து வேர் இழுக்கிறது. ஈயம், விதை திறந்த வெளியில் காயும்போது தூசியோடு படிகிறது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் டார்க்கை அன்றாடப் பழக்கமாக்காமல் இருப்பது நல்லது. மற்றவர்களுக்கு ஒரு துண்டு இரண்டு துண்டு என்றால், ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றி வாங்கினாலே போதும். வீட்டில் நாய் இருந்தால் டார்க்கையும் கொக்கோ தூளையும் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கொக்கோவில் இருக்கும் தியோப்ரோமின் நாய்க்கு விஷம்.

குழந்தைக்கும் கூட்டத்துக்கும்: மில்க்

பாலையும் சாக்லேட்டையும் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் நிறைய. தடுத்தது தண்ணீர். கிரைண்டரில் பார்த்த அதே சிக்கல்தான், பாலில் பெரும்பகுதி தண்ணீர். சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்தில் டேனியல் பீட்டர் என்ற மெழுகுவத்திக்காரர், சாக்லேட் செய்யும் குடும்பத்தில் பெண் எடுத்தவர், வருஷக்கணக்காக மோதிப் பார்த்து 1875இல் வழி கண்டார். பாலைச் சுண்டவைத்துச் சேர்ப்பது. திரட்டுப்பால் கிண்டுகிற நமக்கு அந்த யோசனை சட்டென்று புரியும். பால் சுண்டும்போது வரும் அந்த வாசனைதான் மில்க் சாக்லேட்டின் பாதிச் சுவை.

1905இல் இங்கிலாந்தில் டெய்ரி மில்க் வந்தது. 1948இல் கேட்பரி இந்தியாவுக்கு வந்தது. நம்மில் பலருக்கும் சாக்லேட் என்றால் நாக்கு முதலில் நினைப்பது அந்தச் சுவையைத்தான், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அமெரிக்க ஹெர்ஷியைச் சாப்பிட்டவர்கள் அதில் லேசான தயிர்ப்புளிப்பைக் கவனித்திருப்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் சாக்லேட்.

ஆனால் மில்க் பாரில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. குழந்தைக்குப் பெரிய பார் வாங்கிப் பங்கிடுவதைவிடச் சின்னதாகவே வாங்கிவிடுவது நல்லது. டார்க் கசக்கிறது, மில்க் திகட்டுகிறது என்பவர்களுக்கு இப்போது நடுவில் ஒரு வகை வந்திருக்கிறது. பால் இருக்கும், கொக்கோ 45, 50 சதவீதமும் இருக்கும். டார்க் மில்க் என்று போட்டிருப்பார்கள். இந்த அலமாரியில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் நல்ல பொருள் இதுதான் என்பேன். கருப்பட்டி போட்ட காபியின் நிறைவு அதில் இருக்கிறது.

வெள்ளை சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1936இல் நெஸ்லே விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொக்கோ வெண்ணெய், பால், சர்க்கரை, அவ்வளவே. பழுப்புப் பகுதி இல்லாததால் கசப்பும் இல்லை. நல்ல வெள்ளை சாக்லேட் சுத்த வெள்ளையாக இருக்காது, நெய் உறைந்த நிறத்தில் இருக்கும். பளீரென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தனியாகத் தின்பதைவிட, உருக்கி ஏலக்காயோ பிஸ்தாவோ சேர்க்க அது நல்ல துணை.

மலையில் வாங்கியது

நம் ஊர்களில் 'ஹோம் மேட் சாக்லேட்' என்றதும் நினைவுக்கு வருவது ஊட்டியும் கொடைக்கானலும். மலையிலிருந்து இறங்கும்போது கால் கிலோ வாங்காமல் வந்தவர்கள் குறைவு. நானும் ஒரு தடவை, சுத்தமான கொக்கோ வெண்ணெய் போட்டது என்று கடைக்காரர் சொல்லி, அதற்கான விலையும் வாங்கிக்கொண்டு கொடுத்த ஒரு டப்பாவைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். மே மாதம், பஸ்ஸில் பத்து மணி நேரம். ஒரு துண்டுகூட உருகவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. 34 டிகிரியில் உருக வேண்டிய பொருள் 40 டிகிரியில் கட்டியாக நின்றால் அது கொக்கோ வெண்ணெய் இல்லை. எனக்குக் கோபம் உருகாததில் இல்லை, வேறொன்றின் பெயரைச் சொல்லி விற்றதில்தான். மலையில் நல்ல கொக்கோ வெண்ணெயிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டால் உறையைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பொருளுக்குப் பெயர் காம்பவுண்ட். கொக்கோ தூளோடு, வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற மலிவான தாவரக் கொழுப்பைச் சேர்த்தது. அதுவும் ஒரு சிக்கலுக்குப் பிறந்ததுதான். கொக்கோ வெண்ணெய் விலை அதிகம், வெயில் தாங்காது. பக்குவமாகச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடாக்கினால்தான் ஐந்தாவது விதத்தில் உறையும். காம்பவுண்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். பிறந்தநாள் கேக்கின் மேல் வழியவிட, பிஸ்கட்டை முக்கி எடுக்க, பிள்ளைகளோடு சமையலறையில் அச்சுச் சாக்லேட் செய்து விளையாட அது சரியான பொருள். வாயில் வைத்தால் மெழுகுபோல ஒரு படலம் அண்ணத்தில் ஒட்டும். சுவைத்துச் சாப்பிட என்றால் வேண்டாம்.

தாவரக் கொழுப்பு விஷயத்தில் ஐரோப்பாவே முப்பது வருஷம் சண்டை போட்டது. பிரிட்டனும் அயர்லாந்தும் வேறு சில நாடுகளும் கொஞ்சம் கலக்கலாம் என்றன. பிரான்சும் பெல்ஜியமும் கூடாது என்றன. கடைசியில் 2000ஆம் வருஷத்து விதி, 5 சதவீதம் வரை ஆறு கொழுப்புகளை அனுமதித்தது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். குங்கிலிய மரமான சால் விதை, கொகம், மாங்கொட்டைப் பருப்பு என்று அதில் பாதி நம் நாட்டிலும் கிடைப்பவை. கொக்கோ வெண்ணெயைப்போலவே உருகும் குணம் அவற்றுக்கும் உண்டு.

உறையில் எதைப் பார்ப்பது? பொருள்களின் பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா, ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்ற ஒன்றைப் பாருங்கள். படம், பெயர், தங்கத் தாள் எதுவும் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும். இப்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழையும் நோயும் மாறி மாறி அடித்ததில், 2023 தொடக்கத்தில் டன் 2,500 டாலரை ஒட்டி இருந்த விலை 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. அப்போது பல கம்பெனிகள் பாரைச் சிறிதாக்கின, சில கொக்கோவைக் குறைத்தன. பழகிய பார்தானே என்று விடாமல் திருப்பிப் பாருங்கள்.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு முக்கியம். அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோ வேலையில் ஏறத்தாழ 15.6 லட்சம் குழந்தைகள் இருப்பதாக 2020இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு சொன்னது. இதை நிறுத்துவோம் என்று பெரிய கம்பெனிகள் கையெழுத்துப் போட்டது 2001இல். ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி விற்கும் பாரில், விவசாயிக்கு என்ன விலை கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மடங்கு விலை கொடுக்க என்னைச் சம்மதிக்க வைப்பது சுவைக்கு அடுத்தபடி இதுதான்.

சித்திக்குச் சொன்னது

அலமாரி முன்னால் நின்ற சித்திக்கு நான் சொன்ன கணக்கு இது. கேக்குக்கு 100 கிராம் இயற்கைக் கொக்கோ தூள், மேலே ஊற்ற ஒரு சின்னக் கட்டி காம்பவுண்ட். அதை வாங்குவதில் தப்பே இல்லை. பேரனுக்கு டார்க் மில்க்கில் சின்னது ஒன்று, அது பிடிக்காவிட்டால் வழக்கமான மில்க். அவருக்கு 65 சதவீதத்தில், இந்தியத் தோட்டத்து விதையில் செய்த ஒரு பார்.

வைக்கும் விதத்தையும் சொன்னேன். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் உருகி மறுபடி உறைந்து மேலே சாம்பல் பூத்துவிடும். அது பூஞ்சை இல்லை, கொழுப்பு மேலே வந்து படிவது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் டக் என்ற சத்தம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மீன் குழம்புக்கும் பெருங்காயத்துக்கும் எட்டத்தில் வைக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். எடுத்ததும் டப்பாவைத் திறக்கக் கூடாது. அரை மணி நேரம் மூடியபடியே வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் சாக்லேட் மேல் நீர் வேர்த்து, சர்க்கரை கரைந்து சொரசொரப்பாகிவிடும்.

நாலு நாள் கழித்து சித்தி மறுபடி போன் செய்தார். "முதல்ல கசந்துச்சு. துப்பிடலாமான்னு பார்த்தேன். நீ மெல்லாதேன்னு சொன்னியே, அப்படியே வெச்சிருந்தேன். அப்புறம் பார்த்தா திராட்சை வாசனை வருது. உள்ள திராட்சை போட்டிருக்காங்களா?" என்றார். உறையைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். கொக்கோ, சர்க்கரை, கொக்கோ வெண்ணெய். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.